ரிட்டுக்சிமாப் ஏறிய தேதியிலிருந்து எண்ணுங்கள்: என்.எம்.ஓ.வில் ஸ்டீராய்டைக் குறைக்கும் கணக்கு

டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும். பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு மாத்திரை) 60 மி.கி., காலை உணவுக்குப் பின், படிப்படியாகக் குறைக்கவும். எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நாளைக்கு ஒரு படி, ஒரு படி என்றால் எவ்வளவு என்பதெல்லாம் அடுத்த ஓ.பி.யில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். அந்த ஓ.பி. மூன்று வாரம் தள்ளிப்போனால் வீட்டில் ஆளுக்கொரு கணக்கு ஓடும். முகம் உப்பிவிட்டது, பாதியாக்கு என்பார் ஒருவர். கண் பார்வை இப்போதுதான் திரும்பியிருக்கிறது, ஒரு மாத்திரைகூடக் குறைக்காதே என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே தேதியைப் பார்ப்பதில்லை.

இங்கே எழுதுவது அக்வாபோரின்-4 ஆன்டிபாடி பாசிட்டிவ் ஆன நியூரோமைலிடிஸ் ஆப்டிகா பற்றி, அதாவது உடலின் சொந்த ஆன்டிபாடியே கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. பற்றி, அதிலும் மறுதாக்குதலைத் தடுக்க ரிட்டுக்சிமாப் ஊசி தொடங்கியவர்களைப் பற்றி. மாத்திரை எண்ணிக்கையை இறுதியில் முடிவுசெய்பவர் உங்கள் நரம்பியல் மருத்துவர்தான். ஆனால் அவர் போடும் கணக்கு எதை வைத்துப் போடப்படுகிறது என்று தெரிந்திருந்தால், எங்கே தப்பு நடக்கும் என்பதும் தெரியும்.

இரண்டு மருந்துகளின் வேகம் வேறு

ஸ்டீராய்டு சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். ரிட்டுக்சிமாப் அப்படியில்லை. அது சிடி20 என்ற அடையாளம் உள்ள பி செல்கள் என்ற வெள்ளணுக்களைத் தேடி அழிக்கிறது. இரத்தத்தில் அந்தச் செல்கள் இரண்டு வாரத்துக்குள் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். சிக்கல் என்னவென்றால், அக்வாபோரின்-4 ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டிருப்பவை பி செல்லிலிருந்து முதிர்ந்துபோன பிளாஸ்மா வகைச் செல்கள். அவற்றின் மேல் சிடி20 இல்லை, ரிட்டுக்சிமாப் அவற்றைத் தொடாது. ஏற்கெனவே இரத்தத்தில் சுற்றும் ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடியும் பாதியாகக் குறைய ஏறக்குறைய மூன்று வாரம் எடுக்கும். போதாக்குறைக்கு, பி செல்கள் திடீரென்று அழியும்போது அவற்றை வளர்க்கும் பாஃப் என்ற புரதம் இரத்தத்தில் எகிறும். சிலருக்கு ஊசி போட்ட முதல் சில வாரங்களில் ஆன்டிபாடி அளவு குறைவதற்குப் பதிலாகச் சற்று ஏறியதையும் பார்த்திருக்கிறார்கள். முதல் ரிட்டுக்சிமாப் முடிந்து ஒரு மாதத்துக்குள் மறுதாக்குதல் வந்தால் "மருந்து பலிக்கவில்லை" என்று உடனே முடிவுகட்டக் கூடாது என்று சொல்வது இதனால்தான். மருந்து இன்னும் முழுதாக வேலைக்கு வரவில்லை.

ஆகவே ஸ்டீராய்டுக்கு இங்கே பாலத்தின் வேலை. அக்கரையில் கால் ஊன்றும் முன் பாலத்தைப் பிரித்தால் ஆற்றில்தான் விழவேண்டும். பாலத்தின் நீளத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த தேதியிலிருந்து அளக்கக் கூடாது. ரிட்டுக்சிமாப் ஏறிய தேதியிலிருந்து அளக்கவேண்டும். நோயின் தாக்குதல் (அட்டாக்) வந்து ஸ்டீராய்டு தொடங்கி ஆறு வாரம் கழித்துத்தான் ரிட்டுக்சிமாப் கிடைத்தது என்றால், அந்த ஆறு வாரமும் கணக்கில் சேராது. நடைமுறையில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். பணம், அனுமதி, இரத்தப் பரிசோதனை என்று ஊசி தள்ளிக்கொண்டே போகும். மாத்திரை மட்டும் பழைய சீட்டுப்படி குறைந்துகொண்டே வரும். ஊசி போடும் நாளில் நோயாளி 15 மி.கி.யில் நிற்பார். ஊசிக்குத் தேதி தள்ளினால், மாத்திரை குறைப்பதற்கும் தேதி தள்ளுமா என்று அன்றே கேட்டுவிடுங்கள்.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஜப்பானில் எட்டு மருத்துவமனைகளில் நடந்து 2020இல் வெளியான ரின்-1 ஆய்வு ஏறக்குறைய இந்தக் கேள்விக்காகவே செய்தது போல இருக்கும். தினமும் 5 முதல் 30 மி.கி. வரை ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருந்த 38 பேர். பாதிப்பேருக்கு ரிட்டுக்சிமாப், பாதிப்பேருக்கு வெறும் திரவம். இரு பக்கமும் பிரெட்னிசோலோனைத் திட்டப்படி நாளொன்றுக்கு 2 மி.கி. என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். 72 வாரத்தில் வெறும் திரவம் பெற்ற 19 பேரில் 7 பேருக்கு மறுதாக்குதல் வந்தது. ரிட்டுக்சிமாப் பெற்ற 19 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அதே குறைப்பு, ரிட்டுக்சிமாப் துணைக்கு இருந்தால் ஒரு மாதிரியும் இல்லாவிட்டால் வேறு மாதிரியும் முடிகிறது என்பது இதைவிடத் தெளிவாகக் காட்டப்பட்டதில்லை.

எதிர்முனையில், என்.எம்.ஓ.வுக்கான இன்னொரு மருந்தான இனெபிலிசுமாபின் ஆய்வு. 230 பேர். முதல் 14 நாள் தினமும் 20 மி.கி. பிரெட்னிசோன், 21ஆம் நாளுக்குள் அதை முழுதாக நிறுத்திவிட்டார்கள். அந்த மருந்து சிடி19 என்ற அடையாளத்தைத் தேடுவதால் ஆன்டிபாடி சுரக்கும் செல்களில் ஒரு பகுதியையும் சேர்த்தே அழிக்கும். அந்த மூன்று வாரக் கணக்கை ரிட்டுக்சிமாப் போட்டவருக்கு அப்படியே தூக்கி வைக்கக் கூடாது.

ஊசிக்கு முன்

ஹெபடைடிஸ் பி பரிசோதனையில் எச்.பி.எஸ். ஆன்டிஜன் மட்டும் போதாது. பழைய தொற்றைக் காட்டும் டோட்டல் ஆன்டி-எச்.பி.சி.யும் பார்க்கவேண்டும். எப்போதோ வந்துபோன மஞ்சள்காமாலைக் கிருமி ஈரலில் தூங்கிக்கொண்டிருந்தால் ரிட்டுக்சிமாப் அதை எழுப்பிவிடும். அப்படி இருப்பவர்களுக்கு என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் என்ற வைரஸ் தடுப்பு மாத்திரையைத் தொடங்கி, கடைசி ரிட்டுக்சிமாப் முடிந்தும் குறைந்தது ஓராண்டு தொடர்வார்கள். மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் வழக்கமானவைதான். ஐ.ஜி.ஜி. அளவை முதல் ஊசிக்கு முன்பே ஒருமுறை எடுத்து வைக்கவேண்டும், பிறகு குறைந்தால் எங்கிருந்து குறைந்தது என்று தெரியவேண்டுமே. வெறுங்காலோடு வயலிலும் தோட்டத்திலும் நடப்பவர்களுக்கு ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவையும் நினைவில் வைக்கவேண்டும். அதிக ஸ்டீராய்டில் அந்தப் புழு உடல் முழுதும் பரவினால் உயிருக்கே ஆபத்து. ஐவர்மெக்டின் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. தடுப்பூசிகளில் நிமோகாக்கல், இன்ஃப்ளூயன்சா போன்றவற்றை ரிட்டுக்சிமாபுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்னால் போட்டால்தான் உடல் எதிர்வினை காட்டும். அட்டாக் கடுமையாக இருந்தால் அதற்காகக் காத்திருக்க முடியாது, அது வேறு விஷயம்.

இரத்தத்தின் திரவப் பகுதியை எடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்று சிகிச்சை செய்திருந்தால் வரிசை முக்கியம். அதை முடித்துவிட்டு ரிட்டுக்சிமாப். மாற்றிச் செய்தால் ஏற்றிய மருந்து பிளாஸ்மாவோடு வெளியே போய்விடும்.

ஊசி நாள்

வயதுவந்தோருக்குப் பொதுவான முறைகள் இரண்டு. 1,000 மி.கி. ஒருமுறை, 15ஆம் நாள் இன்னொரு 1,000. அல்லது உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 375 மி.கி. வீதம் வாரம் ஒன்றாக நான்கு. செலவைக் கருதி 500 மி.கி. வீதம் இரண்டு தடவை போடுவதும் நம் ஊரில் உண்டு. 2007இல் ரெடிட்டக்ஸ் என்ற இந்தியத் தயாரிப்பு வந்த பிறகுதான் இந்த மருந்து பலருக்கும் எட்டியது. குப்பி 100 மி.கி.யிலும் 500 மி.கி.யிலும் வரும்.

1,000 மி.கி.யை 500 மி.லி. சலைனில் கலந்தால் ஒரு மி.லி.யில் 2 மி.கி. முதல் தடவை மணிக்கு 50 மி.கி., அதாவது பம்ப்பில் மணிக்கு 25 மி.லி. என்று தொடங்கவேண்டும். அரை மணிக்கு ஒருமுறை 25 மி.லி. கூட்டிக்கொண்டே போய், மணிக்கு 200 மி.லி. வேகத்துக்கு வந்ததும் மேலே கூட்டமாட்டார்கள். சரியாக ஓடினால் நாலேகால் மணி நேரம். பதினைந்தாம் நாள் மணிக்கு 50 மி.லி.யில் தொடங்கி, அரை மணிக்கு 50 கூட்டினால் மூன்றேகால் மணி நேரம். முதல் தடவையின் முதல் இரண்டு மணி நேரத்தில்தான் குளிர் நடுக்கம், தொண்டை அரிப்பு, தடிப்பு, இரத்த அழுத்தச் சரிவு எல்லாம் வரும். வந்தால் நிறுத்தி, அடங்கியதும் பாதி வேகத்தில் மறுபடி தொடங்குவது வழக்கம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை 12 மணி நேரம் முன்பே நிறுத்திவைக்கவேண்டுமா என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

அரை மணி முன்னதாகப் பாராசிட்டமால், ஒவ்வாமைக்கான ஏவில், மீத்தைல்பிரெட்னிசோலோன் 100 மி.கி. கொடுப்பார்கள். அந்த 100 என்பது பிரெட்னிசோலோன் கணக்கில் 125. அன்று இரவு தூக்கம் வராது, சர்க்கரை ஏறும், மறுநாள் உடம்பு தெம்பாக இருக்கும். "ஊசி போட்டதும் எழுந்து நடந்துவிட்டார்" என்று உறவினர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த 125இன் வேலை. மூன்றாம் நாள் அசதி வந்தால் பயப்படவேண்டியதில்லை.

குறைப்புக் கணக்கு

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். மீத்தைல்பிரெட்னிசோலோன் 1 கிராம் வீதம் ஐந்து நாள் ஏறிவிட்டது. கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 60 மி.கி. மாத்திரை ஓடுகிறது. முதல் ரிட்டுக்சிமாப் ஏறிய நாளை நாள் ஒன்று என்று வையுங்கள். இரண்டாவது ஊசி 15ஆம் நாள். நான்காம் வாரம் முடியும்வரை 60இல் கை வைப்பதில்லை. ஐந்தாம் வாரம் 50, ஆறாம் வாரம் 40. ஏழும் எட்டும் 30. அடுத்த இரண்டு வாரம் 25. அதற்கடுத்த இரண்டு வாரம் 20. மூன்று மாதம் முடிந்திருக்கும். பிறகு இரண்டு வாரம் 15, இரண்டு வாரம் 12.5. பதினேழாம் வாரத்திலிருந்து நான்கு வாரம் 10, அடுத்த நான்கு வாரம் 7.5. இருபத்துநான்காம் வாரம் அடுத்த ரிட்டுக்சிமாப் வந்து நிற்கும். அது ஏறிய பிறகே 5.

இது ஒரு வடிவம்தான். சர்க்கரை எகிறுபவருக்கும், ஸ்டீராய்டால் மனம் குழம்புபவருக்கும் வேகமாக இறக்குவார்கள். மறுதாக்குதல் அடுத்தடுத்து வந்தவருக்கு 10இல் இன்னும் சில மாதம் நிறுத்துவார்கள். அதில் கவனிக்கவேண்டியது படியின் உயரம். 60இலிருந்து 50 என்பது ஆறில் ஒரு பங்கு. 10இலிருந்து 5 என்பது பாதி. "எப்போதும் போலப் பத்துப் பத்தாகக் குறைத்தேன், கடைசியில் மட்டும் என்னவோ ஆகிவிட்டது" என்று சொல்பவர்கள் இந்தப் பின்னத்தைப் பார்க்கவில்லை. 20க்கு மேலே வேகமாகப் போகலாம். 10க்குக் கீழே ஊர்ந்துதான் போகவேண்டும். 7.5இலிருந்து 5க்கு நேரே இறங்குவது பெரிய படி என்று தோன்றினால், ஒருநாள் 7.5 மறுநாள் 5 என்று மாற்றி மாற்றி இரண்டு வாரம் போய்ப் பிறகு 5க்கு வரலாம்.

20 மி.கி.யோ அதற்கு மேலோ நான்கு வாரத்துக்கு மேல் ஓடும், கூடவே ரிட்டுக்சிமாபும் உண்டு என்றால் நிமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் சேர்ப்பார்கள். அது சல்ஃபா வகை மருந்து, சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லவேண்டும். கால்சியம், வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வைட்டமின் டி3, எலும்பு அடர்த்திப் பரிசோதனை இவையெல்லாம் மறந்துபோகும் விஷயங்கள். இடுப்பு மடிப்பில் வலி, நடந்தால் கூடுகிறது என்றால் நரம்பு என்று நினைத்துவிடாமல் இடுப்பு எலும்புக்கு எம்.ஆர்.ஐ. கேளுங்கள். தொடையெலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் நின்றுபோவது ஸ்டீராய்டின் கொடுமையான பக்கவிளைவு.

மருந்துக்கடையில் நடப்பது

ஒரே பெயரில் 5, 10, 20, 40 என்று அட்டைகள் இருக்கும். சீட்டில் 10 என்று இருந்து கையில் 20 வந்தால், இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். அட்டையின் பின்பக்கத்தில் பெயரைப் பார்க்காமல் எண்ணைப் படியுங்கள். படி மாறும்போது பழைய அட்டையை வேறு டப்பாவில் போட்டுவிடுவது நல்லது.

அதைவிட மோசமானது பெயர் மாறுவது. டெஃப்ளாசகார்ட் 6 மி.கி.தான் பிரெட்னிசோலோன் 5 மி.கி.க்குச் சமம். மீத்தைல்பிரெட்னிசோலோன் 4 மி.கி., டெக்சாமெத்தசோன் 0.75 மி.கி., ஹைட்ரோகார்டிசோன் 20 மி.கி. ஆகியவையும் அதே 5க்குச் சமம். வேறொரு மருத்துவர் "இதுவும் ஸ்டீராய்டுதான், எடை போடாது" என்று டெஃப்ளாசகார்ட் 30க்கு மாற்றினால், 30 மி.கி. பிரெட்னிசோலோனிலிருந்து 25க்கு ஒரே நாளில் இறங்கியிருக்கிறீர்கள். அட்டையில் எண் மாறவே இல்லை. மீத்தைல்பிரெட்னிசோலோனின் கடைப்பெயரான மெட்ரால் 16 என்றால், பிரெட்னிசோலோன் கணக்கில் அது 20.

கண்ணுக்குத் தெரியாத குறைப்பு ஒன்றும் உண்டு. என்.எம்.ஓ.வில் கை, கால் திடீரென்று முறுக்கிக்கொண்டு வலிக்கும் இழுப்புக்குக் கார்பமசெப்பின் கொடுப்பது வழக்கம், நன்றாகவும் கேட்கும். அந்த மருந்து ஈரலின் நொதிகளை முடுக்கிவிட்டுப் பிரெட்னிசோலோனை வேகமாகக் கரைத்துவிடும். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயினும் அப்படியே. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதில் எல்லாவற்றுக்கும் மேலே. சாப்பிடும் மாத்திரை 20 என்றாலும் உடம்புக்குக் கிடைப்பது அதில் பாதியாக இருக்கலாம். ஊசிக்கு முன் மறைந்திருக்கும் காசநோய்க்குச் சிகிச்சை தேவைப்பட்டால், எந்த மாத்திரை என்பதை நரம்பியல் மருத்துவரிடமும் காட்டவேண்டும். ஐசோனியசிட் மட்டும் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

எதிர்த்திசையில் இழுப்பது படர்தாமரைக்குத் தரும் இட்ராகோனசோல். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்குப் படர்தாமரை வருவது சகஜம், மாதக்கணக்கில் இட்ராகோனசோல் எழுதுவதும் சகஜம். குறிப்பாக மீத்தைல்பிரெட்னிசோலோன் சாப்பிடுபவருக்கு அது ஸ்டீராய்டின் அளவை ஏற்றிவிடும். நிறுத்தும்போது திடீரென்று இறங்கும். இருமலுக்குப் போடும் அதிமதுரக் கசாயமும் இந்தப் பட்டியலில் வரும். நாள்கணக்கில் குடித்தால் இரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். ஸ்டீராய்டும் செய்வது அதையே.

குறைக்கும்போது வரும் தொந்தரவு எது?

மாத்திரை குறைந்துவரும் மாதங்களில் வரும் எல்லாத் தொந்தரவையும் "நோய் திரும்பிவிட்டது" என்று எடுத்துக்கொண்டால் ஸ்டீராய்டு ஏறிக்கொண்டேதான் இருக்கும். எல்லாவற்றையும் "குறைப்பதால் வரும் அசதி" என்று தள்ளினால் ஒரு கண் போய்விடும். கேட்கவேண்டிய முதல் கேள்வி: இது புதிய இடமா, பழைய இடமா?

மூட்டுவலி, தசைவலி, பசியின்மை, எரிச்சல், காலையில் எழ முடியாத சோர்வு, படி மாறிய இரண்டு மூன்று நாளில் தொடங்கி ஒரு வாரத்தில் தணிவது, இவை ஸ்டீராய்டு விலகும் தொந்தரவு. ஒரு படி மேலே போய் நின்று மெதுவாக இறங்கினால் சரியாகும்.

தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை, பஸ் படி ஏற முடியவில்லை, ஆனால் உணர்ச்சி சரியாக இருக்கிறது, சிறுநீர்ச் சிக்கல் இல்லை என்றால் ஸ்டீராய்டால் தொடைத்தசை தேய்ந்திருக்கலாம். இதற்கு மருந்து ஸ்டீராய்டைக் குறைப்பது. மறுதாக்குதல் என்று நினைத்துக் கூட்டினால் கால் இன்னும் தளரும்.

பழைய மரத்துப்போன இடமே மீண்டும் மரத்து, பழைய கண்ணே மங்கினால், முதலில் காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள், சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். வெந்நீர்க் குளியலும் சித்திரை வெயிலும்கூடப் பழைய வடுவைத் தட்டியெழுப்பும். உடம்பு குளிர்ந்ததும் போய்விட்டால் அது மறுதாக்குதல் அல்ல. 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கும் புதிய மங்கல், கண்ணை அசைத்தால் வலி, மார்பைச் சுற்றிக் கயிறு கட்டியது போன்ற இறுக்கம், கால்களிலிருந்து மேலே ஏறும் மரப்பு, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, இவற்றுக்கு அன்றே ஆஸ்பத்திரி.

ஊசி போட்டு ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் சேர்ந்து வந்தால் அது வேறொரு வகை. ரிட்டுக்சிமாபில் எலியின் புரதம் கலந்திருக்கிறது, உடல் அதை எதிர்ப்பதால் வரும் சீரம் சிக்னஸாக இருக்கலாம். தேதியோடு சொன்னால்தான் மருத்துவருக்கு அது தோன்றும்.

மிகவும் ஏமாற்றுவது வாந்தி. மூளைத்தண்டின் ஏரியா போஸ்ட்ரீமா என்ற இடத்தில் என்.எம்.ஓ. தாக்கினால் நிற்காத விக்கலும் வாந்தியும் நாள்கணக்கில் இருக்கும். எண்டோஸ்கோப்பி எல்லாம் சரியாக இருக்கும், வயிற்று அமிலத்துக்கான பேன்டாப்பிரசோல் ஊசிக்கும் கேட்காது. இன்னொரு பக்கம், ஸ்டீராய்டு திடீரென்று குறைந்து அட்ரீனல் சுரப்பி கைவிட்டாலும் வாந்திதான் வரும். அதில் தலைச்சுற்றல், இரத்த அழுத்தக் குறைவு, சோடியமும் சர்க்கரையும் இறங்குவது கூடவே இருக்கும். விக்கல் முதலாவதைக் காட்டும், படுத்தெழுந்தால் கண் இருட்டுவது இரண்டாவதை. இரண்டிலும் ஒரு பொதுச் சங்கடம்: வாந்தி எடுப்பவர் மாத்திரையையும் சேர்த்தே வாந்தியெடுக்கிறார். அதனால் காரணம் தெரியும்வரை காத்திருக்காமல் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி போட்டுவிட்டுத்தான் மற்ற ஆராய்ச்சி.

சர்க்கரை

காலையில் சாப்பிடும் பிரெட்னிசோலோன் மதியத்திலிருந்து மாலைவரைதான் சர்க்கரையை ஏற்றும். விடிகாலை வெறும் வயிற்றில் எடுத்த 95ஐப் பார்த்து நிம்மதியடையக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து எடுங்கள், 280 இருக்கலாம். ஆபத்து திரும்பி வருவது குறைக்கும்போது. 60இல் இருந்தபோது போட்ட இன்சுலின் அளவு, அல்லது கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை, 20க்கு வந்த பின்னும் அப்படியே இருந்தால் சாயங்காலம் வியர்த்துக் கொட்டி மயங்குவார். மாத்திரைக் குறைப்பும் இன்சுலின் குறைப்பும் ஒரே சீட்டில் எழுதப்படவேண்டும்.

7.5க்குக் கீழே

உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசோல், நாளொன்றுக்குப் பிரெட்னிசோலோன் 5 மி.கி.க்கு ஏறக்குறையச் சமம். மாதக்கணக்கில் வெளியிலிருந்து கிடைத்ததால் அட்ரீனல் சுரப்பி வேலையை மறந்திருக்கும். 5இல் சில வாரம் நின்ற பிறகு காலை எட்டு ஒன்பது மணிக்குக் கார்டிசோல் எடுக்கலாம். முந்தைய மாத்திரை போட்டு 24 மணி நேரம் ஆகியிருக்கவேண்டும், அன்றைய மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகு போடவேண்டும். பிரெட்னிசோலோனையே கார்டிசோல் என்று கணக்கிட்டுவிடும் பரிசோதனைகள் உண்டு. டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் நிறுத்தலாம். 5க்கும் 10க்கும் நடுவில் என்றால் அதே அளவில் நின்று சில வாரம் கழித்து மறுபடி. 5க்குக் கீழே என்றால் சில மாதம் பொறுக்கவேண்டும். இதற்கும் என்.எம்.ஓ.வுக்கும் சம்பந்தமில்லை. நோய் அடங்கியிருந்தாலும் சுரப்பிக்காக 5 மி.கி. ஓடலாம். அந்த 5 எதற்காக ஓடுகிறது என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் கேள்வியில்லாமல் ஓடும்.

10க்குக் கீழே இருக்கும்போது காய்ச்சல் 100.4 தாண்டினால், அந்த நாள்களுக்குக் காலை 5, மாலை 5 என்று ஏற்றிக்கொள்வது வழக்கம். 10இல் இருந்தால் அதையே இரண்டாகப் பிரித்துச் சாப்பிடுவது. காய்ச்சல் விட்டதும் பழைய படிக்கே வரலாம், மறுபடி முதலிலிருந்து இறங்கவேண்டியதில்லை.

ஆறாம் மாதம்

பி செல்கள் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒன்பது மாதத்துக்குள் எட்டிப்பார்க்கும். 500 மி.கி. வீதம் போட்டவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் அதற்கு முன்பே. நான்காம் மாதத்திலிருந்து மாதமொருமுறை சிடி19 எண்ணிக்கை, அதாவது பி செல் எண்ணிக்கை, பார்ப்பது நல்ல பழக்கம். லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களின் மொத்தத்தில் 1 சதவீதத்தைத் தொட்டால் அடுத்த ஊசி என்று பலர் வைத்திருக்கிறார்கள். கொரியக் குழுவொன்று சிடி27 உள்ள நினைவு பி செல்களை மட்டும் எண்ணி அதன்படி ஊசி போட்டுக் காட்டியது. அந்தப் பரிசோதனை கிடைத்தால் இன்னும் துல்லியம். முதல் மாத முடிவிலேயே சிடி19 பூஜ்யத்துக்கு வரவில்லை என்றால் மருந்துக்கு எதிராகவே ஆன்டிபாடி உருவாகியிருக்கலாம், அப்போது ஸ்டீராய்டு குறைப்பை நிறுத்திவைத்து வேறு மருந்து யோசிக்கவேண்டும். அக்வாபோரின்-4 அளவை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்து அதன்படி மாத்திரையைக் கூட்டிக் குறைப்பதால் பயனில்லை.

இரண்டாவது பள்ளம் இங்கேதான். ஸ்டீராய்டு 7.5க்கு வந்துவிட்டது, ஆள் நன்றாக இருக்கிறார், ஊசிக்குப் பணம் புரட்ட இரண்டு மாதம் ஆகிறது. முதல் தடவை பாலமாக இருந்த ஸ்டீராய்டும் இல்லை, பி செல்களும் திரும்பிவிட்டன. ஊசி தாமதமாகும் என்று தெரிந்தால், தெரிந்த நாளிலேயே சொல்லுங்கள். மாத்திரையை அதே இடத்தில் நிறுத்திவைக்கச் சொல்வார்கள், சிலருக்குச் சற்று ஏற்றுவார்கள்.

வேறு மருந்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாட்ரலிசுமாப், டோசிலிசுமாப் இரண்டும் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6ஐ அடக்குபவை. அவற்றில், தொற்றைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி. ஏறாது, தொற்று இருந்தும் நார்மல் என்று வரும். என்.எம்.ஓ. போலவே தோன்றும் வேறொரு நோயான மோக் ஆன்டிபாடி நோயில் ரிட்டுக்சிமாப் இந்த அளவுக்குக் காப்பதில்லை, 10 மி.கி.க்குக் கீழே இறங்கும்போதும் நிறுத்திய முதல் இரண்டு மாதத்திலும் திரும்பி வருவது அதில் அதிகம். மேலே சொன்ன வாரக்கணக்கை அவர்களுக்குப் பொருத்தாதீர்கள்.

ஸ்டீராய்டு பூஜ்யத்துக்கு வந்த தேதியையும் எழுதி வையுங்கள். அதன் பின் ஓராண்டுக்குள் அறுவைச்சிகிச்சையோ, எலும்பு முறிவோ, பல் பிடுங்குவதோ வந்தால், மயக்க மருந்து கொடுப்பவரிடமும் பல் மருத்துவரிடமும் அந்தத் தேதியை முதலில் சொல்லவேண்டும், அட்ரீனல் சுரப்பி இன்னும் முழுதாக மீளாமல் இருக்கலாம்.